கேள்வி நேரம்: என் மெஷின்ல ஓடுது, அவங்க மெஷின்ல ஏன் ஓடல?

இந்த தடவை வந்த கேள்விகள்ல நிறைய ஒரே விஷயத்த சுத்தியே இருந்துச்சு. கோடு எழுதியாச்சு, கிட்ல (கோடோட மாற்றங்கள சேமிச்சு வைக்கற டூல்) போட்டாச்சு, ஆனா அத விண்டோஸ், மேக், லினக்ஸ்னு மூணு பக்கமும் ஆளுங்க டவுன்லோட் பண்ணி ஓட்டற மாதிரி ரிலீஸ் பண்றப்பதான் திணறுறோம்னு எழுதியிருந்தீங்க. அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இத மட்டும் எடுத்துக்கிட்டேன். பேர், ஊர் எதுவும் போடல, சில கேள்விகள சுருக்கியிருக்கேன்.

கேள்வி: அண்ணா, நான் சி ப்ளஸ் ப்ளஸ்ல ஒரு சின்ன கமாண்ட் லைன் டூல் எழுதியிருக்கேன். என் லேப்டாப்ல உபுண்டு 24.04, அதுலயே கம்பைல் பண்ணி பைனரிய, அதாவது நேரா ஓடற ஃபைல, ரிலீஸ் பேஜ்ல போட்டேன். டெபியன் 12 வச்சிருக்க ஒருத்தர் ஓட்டிப் பாத்தா "ஜிலிப்சி 2.38 நாட் ஃபவுண்ட்"னு எரர் வருதாம். நான் 2.38னு எதையும் கேக்கவே இல்லயே, அது எங்கேர்ந்து வந்துச்சு?

பதில்: நீங்க கேக்கல தம்பி, உங்க கம்பைலர் உங்களுக்காக கேட்டிருக்கு. லினக்ஸ் ப்ரோக்ராம்கள் நம்பி ஓடற அடிப்படை சி லைப்ரரிதான் ஜிலிப்சி (glibc). அதுல ஒவ்வொரு ஃபங்ஷன் பேரோடவும் ஒரு வெர்ஷன் ஒட்டிக்கிட்டு இருக்கும், லிங்க் பண்ற நேரத்துல உங்க மெஷின்ல இருக்கறதுலயே புதுசு எதுவோ அது பைனரிக்குள்ள போய் உக்காந்துக்கும். உங்க கேஸ்ல பெரும்பாலும் நடந்திருக்கறது என்னன்னா, ஒரு ஸ்ட்ரிங்க நம்பரா மாத்த எஸ்டிடி எஸ்டிஓஐ மாதிரி எதையாவது கூப்பிட்டிருப்பீங்க, அது உள்ளுக்குள்ள எஸ்டிஆர்டோல் ஃபங்ஷனுக்குத்தான் போகும், 2.38ல சி23 ஸ்டாண்டர்டுக்காக அந்த ஃபங்ஷனுக்கு புது அவதாரம் ஒண்ணு சேத்தாங்க, உங்க கோடுல ஒரு எழுத்து கூட மாறாம ஹெடர் ஃபைலே உங்கள அந்த புதுசு பக்கம் திருப்பி விட்டுடுச்சு. உபுண்டு 24.04ல இருக்கறது ஜிலிப்சி 2.39, டெபியன் 12ல 2.36. அவ்வளவுதான் கதை.

ஜிலிப்சி காரங்க தர்ற உத்தரவாதம் ஒரு பக்கம்தான்: பழசுல கட்டினது புதுசுல ஓடும். புதுசுல கட்டினது பழசுல ஓடும்னு யாரும் சொல்லல. அதனால எவ்வளவு பழைய சிஸ்டத்துல ஓடணும்னு நினைக்கிறீங்களோ அந்த பழசுலயே பில்ட் பண்ணுங்க. அதுக்காக பழைய உபுண்டு இன்ஸ்டால் பண்ணிட்டு உக்கார வேண்டாம், ஒரு கன்டெய்னர் (உங்க சிஸ்டத்துக்குள்ளயே தனியா ஓடற குட்டி லினக்ஸ்) போதும். நான் பொதுவா சொல்றது அல்மாலினக்ஸ் 8, அதுல ஜிலிப்சி 2.28, இன்னைக்கு ஆளுங்க வச்சிருக்கற டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ் வகை) பெரும்பாலும் இதுக்கு மேலதான் இருக்கும். "பழைய சிஸ்டம்னா கம்பைலரும் பழசால்ல இருக்கும், சி ப்ளஸ் ப்ளஸ் 20 வேணுமே"ன்னு கேப்பீங்க, அதுக்கு அங்கயே ஜிசிசி டூல்செட்னு புது கம்பைலர் பேக்கேஜ் இருக்கு, புது லைப்ரரில இருந்து தேவைப்படற துண்ட மட்டும் உங்க பைனரிக்குள்ளயே சேத்துட்டு மிச்சத்துக்கு பழைய லைப்ரரியையே நம்பிக்கும். பைத்தான் காரங்க மெனிலினக்ஸ்னு வீல் ஃபைல் (பைத்தான் பேக்கேஜ்) பேர்ல போடறதும் இதே வேலைதான், மெனிலினக்ஸ்2014ன்னா சென்ட்ஓஎஸ் 7, ஜிலிப்சி 2.17. 2019ல வந்த பெப் 600ங்கற பைத்தான் விதிமுறைக்கு அப்புறம் ஜிலிப்சி நம்பரையே நேரா பேர்ல போட்டுடறாங்க.

ரிலீஸ் போடறதுக்கு முன்னாடி ஆப்ஜ்டம்ப் கமாண்ட்ல -T, அதாவது பெரிய எழுத்து T, போட்டு வர்ற லிஸ்ட்ல ஜிலிப்சின்னு தேடுங்க. அதுல இருக்கற பெரிய நம்பர்தான் உங்க பைனரி கேக்கற குறைஞ்சபட்ச வெர்ஷன். இத ஸ்க்ரிப்ட்லயே போட்டு, நினைச்சத விட பெரிய நம்பர் வந்தா பில்டு ஃபெயில் ஆகற மாதிரி வச்சிடுங்க. ஏன்னா கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல "உபுண்டு லேட்டஸ்ட்"னு போட்டு வச்சா அவங்க ஒருநாள் அந்த லேபிள அடுத்த உபுண்டுவுக்கு நகத்துவாங்க, உங்க ப்ராஜெக்ட்ல ஒரு கமிட் கூட இல்லாமலே அடுத்த ரிலீஸ் பாதி பேருக்கு ஓடாம போயிடும், இது நிறைய ப்ராஜெக்ட்ல நடந்ததுதான்.

ஜிலிப்சிக்கு பதிலா மசல்னு இருக்கற லைப்ரரி வச்சு முழுசா ஸ்டாட்டிக்கா, அதாவது எல்லா லைப்ரரியையும் பைனரிக்குள்ளயே அடைச்சு, கட்டிடலாமேன்னு சிலர் சொல்வாங்க. சின்ன டூலுக்கு அருமையான வழி, ஒரே ஃபைல், எங்க போட்டாலும் ஓடும். ஆனா அதோட மெமரி அலொகேட்டர் பல த்ரெட் ஓடற ப்ரோக்ராம்ல மெதுவா இருக்கும், ப்ளகின் லோட் பண்ற வேலையெல்லாம் ஸ்டாட்டிக்ல நடக்காது, டிஎன்எஸ் விஷயத்துலயும் கொஞ்சம் வேற மாதிரி நடந்துக்கும், பெரிய பதில் வந்தா டிசிபிக்கு மாறற வசதியே 2023ல வந்த 1.2.4லதான் சேத்தாங்க. நெட்வொர்க் சம்பந்தப்பட்ட ப்ரோக்ராம்னா நல்லா டெஸ்ட் பண்ணிட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி: சார், எங்க ஆப்ப மேக்ல டவுன்லோட் பண்ணா "ஃபைல் டேமேஜ் ஆகியிருக்கு, ட்ராஷ்ல போடுங்க"ன்னு வருது, விண்டோஸ்ல நீல கலர் பெட்டி வந்து பயமுறுத்துது, ஆன்டிவைரஸும் சந்தேகப்படுது. காசு கட்டாம இதுக்கு வழியே இல்லையா? இலவசமா கொடுக்கற சாஃப்ட்வேருக்கு நாங்க ஏன் காசு கட்டணும்?

பதில்: கோவம் நியாயமானதுதான். ஃப்ரீயா உழைக்கறவங்க மேல இந்த செலவ ஏத்தி விடறது எனக்கும் பிடிக்கல. ஆனா எதனால வருதுன்னு தெரிஞ்சா எவ்வளவு தூரம் சமாளிக்கலாம்னு பாக்கலாம்.

மேக்ல ஃபைல் டேமேஜ் ஆகல. ப்ரவுசர் வழியா வர்ற ஃபைல்ல குவாரன்டைன்னு ஒரு குறி ஒட்டிக்கும், அந்த குறி இருந்தா மேக்கோட பாதுகாப்பு சிஸ்டமான கேட்கீப்பர் செக் பண்ணும், கையெழுத்து இல்லன்னா, இல்ல பேக் பண்ணும்போது கையெழுத்து உடைஞ்சிருந்தா இந்த மெசேஜ் வரும். 2019ல வந்த கேட்டலினாவுலேர்ந்து கையெழுத்து மட்டும் பத்தாது, ஆப்பிளுக்கு அனுப்பி நோட்டரைஸ் பண்ணணும், அதாவது அவங்க சோதிச்சு ஒப்புதல் தரணும், வர்ற டிக்கெட்ட ஆப்போட ஸ்டேப்பிள் பண்ணிடறது நல்லது. இதுக்கு டெவலப்பர் ப்ரோக்ராம்ல வருஷத்துக்கு 99 டாலர். முன்னாடி கன்ட்ரோல் க்ளிக் பண்ணி ஓப்பன் கொடுத்தா தாண்டிடலாம், 2024ல வந்த செக்கோயால அந்த குறுக்கு வழியையும் எடுத்துட்டாங்க, இப்ப யூசர் சிஸ்டம் செட்டிங்ஸ்ல ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி வரைக்கும் போய் அனுமதி கொடுக்கணும். அத்தனை பேருக்கும் இது புரியாது.

உங்களோடது விண்டோ இருக்கற ஆப்னா, மேக் யூசர்ஸ் உண்மையிலயே இருக்காங்கன்னா, அந்த 99 டாலர டொனேஷன் வாங்கியாவது கட்டிடுங்கன்னுதான் சொல்வேன். கமாண்ட் லைன் டூல்னா வேற வழி இருக்கு. கர்ல் கமாண்ட்ல டவுன்லோட் பண்ணா குவாரன்டைன் குறியே ஒட்டாது, மேக்குக்கான பேக்கேஜ் மேனேஜர் ஹோம்ப்ரூல ஃபார்முலாவா போனாலும் இந்த தொல்லை வராது. ஆனா ஒண்ணு, எம்1க்கு அப்புறம் வந்த ஆப்பிள் சிப் மெஷின்கள்ல கையெழுத்தே இல்லாத ஆர்ம் பைனரி ஓடவே ஓடாது, குறைஞ்சபட்சம் அட்-ஹாக் கையெழுத்தாவது (யாரோடதுன்னு சொல்லாத கையெழுத்து) வேணும். அதுக்கு காசு கிடையாது, லிங்க்கரே போட்டுடும், அதுக்கப்புறம் நீங்க பைனரிய தொட்டு ஏதாவது மாத்தினீங்கன்னா திரும்ப கையெழுத்து போடணும். இங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க, லைப்ரரி இருக்கற பாதைய மாத்த இன்ஸ்டால் நேம் டூல யூஸ் பண்ணிட்டு, மறுபடி சைன் பண்ணாம டிஎம்ஜி (மேக் இன்ஸ்டால் ஃபைல்) கட்டிடறாங்க.

விண்டோஸ் கதை வேற. அந்த நீல பெட்டிய காட்டற ஸ்மார்ட்ஸ்க்ரீன் பாக்கறது பேரு, அதாவது இந்த ஃபைலையோ இந்த சர்டிஃபிகேட்டையோ இதுக்கு முன்னாடி எத்தனை பேர் பாத்திருக்காங்கன்னு. சைன் பண்ணாத ஃபைல்னா ஒவ்வொரு ரிலீஸும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், சைன் பண்ணியிருந்தா சம்பாதிச்ச பேரு சர்டிஃபிகேட்டோட அடுத்த ரிலீஸுக்கும் வரும். 2023 ஜூன்லேர்ந்து கோடு சைனிங் கீய சும்மா ஃபைலா வச்சுக்க முடியாது, ஹார்டுவேர் டோக்கன்லயோ அதுக்கு சமமான கிளவுட் சேவையிலயோதான் இருக்கணும்னு விதி, அதனால சிஐல, அதாவது கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் மாதிரி தானா பில்டு பண்ற சர்வர்ல, சைன் பண்றது முன்ன மாதிரி சுலபம் இல்ல. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு சைன்பாத் ஃபவுண்டேஷன் இலவசமா சைன் பண்ணி தர்றாங்க, அவங்க நிபந்தனை என்னன்னா பைனரி பப்ளிக் ரிப்போலேர்ந்துதான் பில்டு ஆகியிருக்கணும். அது நமக்கும் நல்ல பழக்கம்தான், கண்டிப்பா அப்ளை பண்ணுங்க. சைன் பண்ணும்போது டைம்ஸ்டாம்ப் சேக்க மறக்காதீங்க, இல்லன்னா சர்டிஃபிகேட் காலாவதி ஆன அன்னைக்கே பழைய ரிலீஸ் எல்லாத்தோட கையெழுத்தும் செல்லாம போயிடும்.

ஆன்டிவைரஸ் தொல்லையும் இருக்குன்னு எழுதியிருந்தீங்க. பைத்தான் கோட ஆப்பா கட்டற பைஇன்ஸ்டாலர்ல ஒன்ஃபைல் மோடு போட்டிருக்கீங்களா பாருங்க. அது ஓடும்போது தன்னைத்தானே டெம்ப் ஃபோல்டர்ல பிரிச்சு போட்டு அங்கேர்ந்து ஓடுது, வைரஸும் அப்படித்தான் பண்ணும், அதனால சந்தேகப்படுது. ஃபோல்டர் மோடுக்கு மாத்தி ஒரு இன்ஸ்டாலர் வச்சு கட்டுங்க, யுபிஎக்ஸ் போட்டு சுருக்காதீங்க, பெரும்பாலும் அடங்கிடும்.

கேள்வி: லினக்ஸ் யூசர்ஸ் சிப் ஃபைல பிரிச்சு ஓட்டினா "பெர்மிஷன் டினைட்"னு வருது. லோக்கல்ல கட்டினா சரியா வருது, சிஐலேர்ந்து வந்தா மட்டும் இப்படி.

பதில்: கிட்ஹப்ல ஒரு ஜாப்லேர்ந்து இன்னொரு ஜாப்புக்கு ஆர்டிஃபாக்டா (பில்டுல வந்த ஃபைலா) அனுப்பும்போது எக்ஸிக்யூட் பிட், அதாவது ஓட்டலாம்ங்கற அனுமதி, தொலைஞ்சுடும், அப்லோட் ஆர்டிஃபாக்ட் ஃபைல் பெர்மிஷன காப்பாத்தாது. பில்டு பண்ற ஜாப்லயே டார் (சிப் மாதிரி ஃைபல்கள ஒண்ணா கட்டறது) போட்டு, அந்த டார் ஃபைல அனுப்புங்க. லினக்ஸுக்கும் மேக்குக்கும் டார், விண்டோஸுக்கு மட்டும் சிப்.

கேள்வி: கிட்ஹப்ல டேக் போட்டாலே சோர்ஸ் கோடு சிப், டார் ரெண்டும் தானா வந்துடுதே, தனியா டார்பால் (டார்ல கட்டின சோர்ஸ்) எதுக்கு கட்டணும்? ஒரு டிஸ்ட்ரோ மெயின்டெய்னர் கட்டுங்கறார், இன்னொருத்தர் கட்டவே கூடாதுங்கறார். செக்சம் (ஃபைல் மாறலன்னு சரிபாக்கற எண்) போட்டா போதுமா?

பதில்: ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, இதுதான் இந்த மாச கேள்விகள்லயே எனக்கு ரொம்ப பிடிச்சது.

கட்டுங்கன்னு சொல்றவர் பக்கம்: தானா வர்ற ஆர்க்கைவ்ல சப்மாட்யூல் (உள்ள சேத்து வச்சிருக்கற வேற ரிப்போ) வராது, பிரிச்சா பாதி ஃபோல்டர் காலியா இருக்கும். அதோட அந்த ஃபைல் நீங்க வச்சது இல்ல, கேக்கும்போது அவங்க உருவாக்கறது. 2023 ஜனவரி கடைசில கிட்ஹப் உள்ள இருந்த கிட் டூல அப்டேட் பண்ணாங்க, புது கிட் வெளி ஜிசிப்புக்கு பதிலா தன்னோட சொந்த கம்ப்ரஷன யூஸ் பண்ணுச்சு, உள்ள இருந்த கோடு ஒரு பைட் மாறல, ஆனா டார் ஃபைலோட செக்சம் மாறிடுச்சு. அந்த செக்சம்ம நம்பி எழுதி வச்சிருந்த பேக்கேஜ் சிஸ்டம் எல்லாம் ஒரே நேரத்துல விழுந்துச்சு, அப்புறம் கிட்ஹப் அத திருப்பி மாத்தினாங்க.

கட்டாதீங்கன்னு சொல்றவர் பக்கம்: எக்ஸ்இசட்ங்கற, ஃபைல சுருக்கற டூல். 2024 மார்ச் 29 அன்னைக்கு வெளிய வந்த விஷயம். எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 ரெண்டு ரிலீஸ்லயும் எஸ்எஸ்எச் சர்வர குறி வச்சு ஒரு பேக்டோர் (திருட்டு வழி) இருந்துச்சு, ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு போஸ்ட்க்ரெஸ் டெவலப்பர் லாகின் அரை செகண்டு லேட் ஆகுதேன்னு நோண்டினதால மாட்டுச்சு. அதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, நச்சு பைனரி டெஸ்ட் ஃபைல்ங்கற பேர்ல கிட்லயே இருந்துச்சு, ஆனா அத பில்டுக்குள்ள இழுத்து விடற எம்4 ஸ்க்ரிப்ட் கிட்ல கிடையாது, மெயின்டெய்னர் கையால கட்டின டார்பால்ல மட்டும்தான் இருந்துச்சு. கிட்ல இருக்கறத எவ்வளவு கூர்ந்து படிச்சாலும் அந்த வரி கண்ணுல படாது.

அதனால என் பதில்: டார்பால் கட்டுங்க, ஆனா உங்க லேப்டாப்ல கட்டாதீங்க. டேக்லேர்ந்து சிஐல, எல்லாரும் பாக்கற ஸ்க்ரிப்ட் மூலமா, வேற யார் கட்டினாலும் அதே பைட் வர்ற மாதிரி கட்டுங்க. கஷ்டம் இல்ல, டார்ல ஃபைல்கள பேர் வரிசையா அடுக்க சொல்லணும், ஓனர ஜீரோ ஆக்கணும், ஃபைல் நேரத்த கடைசி கமிட் நேரத்துக்கு மாத்தணும், ஜிசிப்ல மைனஸ் என் போட்டு பேரும் நேரமும் உள்ள போகாம பாத்துக்கணும். பில்டு டூல்களுக்கு சோர்ஸ் டேட் எபாக்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, அத செட் பண்ணா நிறைய டூல் இன்னைய தேதிக்கு பதிலா அதையே எடுத்துக்கும். அப்புறம் சந்தேகப்படற யாரும் தானே கட்டி உங்களோடதோட ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்.

செக்சம் மட்டும் போதுமான்னா, டவுன்லோட் பாதில அறுந்துச்சான்னு பாக்க போதும், சர்வர்ல யாராவது புகுந்துட்டா போதாது. 2016 பிப்ரவரில லினக்ஸ் மின்ட் வெப்சைட்ட ஹேக் பண்ணி பேக்டோர் வச்ச ஐஎஸ்ஓவுக்கு லிங்க்க மாத்தி விட்டாங்க, ஃபைல் லிங்க்க மாத்த முடிஞ்சவனுக்கு பக்கத்துல இருக்கற செக்சம்ம மாத்த எவ்வளவு நேரம் ஆகும்? செக்சம் ஃபைல ஜிபிஜிலயோ மினிசைன்லயோ சைன் பண்ணுங்க, பப்ளிக் கீய ரிலீஸ் பேஜ்ல மட்டும் வைக்காம ரிப்போலயும் வேற இடத்துலயும் வைங்க. இன்னொண்ணு, தப்பான ஃபைல அப்லோட் பண்ணிட்டா அதே பேர்ல சத்தமில்லாம மாத்தாதீங்க. 1.4.0 போச்சுன்னா 1.4.1 போடுங்க, நம்பர் ஒண்ணும் தீந்துடாது. நீங்க மாத்தினது பழைய செக்சம்ம எழுதி வச்சிருக்கவங்களுக்கு ஹேக் ஆன மாதிரிதான் தெரியும்.

கேள்வி: 2.0 ஆர்சி1 (2.0க்கு முன்னாடி விடற சோதனை வெர்ஷன்) டெபியன் பேக்கேஜா கொடுத்தேன். இப்ப 2.0 வந்தும் அப்டேட் ஆக மாட்டேங்குது.

பதில்: "2.0ஆர்சி1"னு எழுதினா டெபியன் கணக்குல அது 2.0க்கு அப்புறம் வந்தது. நடுவுல டில்டே போடணும், 2.0~ஆர்சி1, டில்டே இருந்தா முன்னாடி வந்ததுன்னு எடுத்துக்கும். ஆர்பிஎம்லயும் இப்படித்தான். ஏற்கனவே போட்டவங்களுக்கு 2.0.1னு ஒண்ணு விட்டுடுங்க, சரியாயிடும்.

கேள்வி: விண்டோஸ்ல என் மெஷின்ல ஓடுது, ஃப்ரெண்டு மெஷின்ல "விசிரன்டைம்140_1 டிஎல்எல் காணோம்"னு வருது. இன்னொருத்தருக்கு ஓப்பன் ஆகுது, ஆனா செட்டிங்ஸ் சேவ் ஆகல. அவரோட விண்டோஸ் யூசர் பேர் தமிழ்ல இருக்கு, அதனாலயா?

பதில்: முதல் பிரச்சினை, உங்க மெஷின்ல விஷுவல் ஸ்டுடியோ இருக்கறதால அந்த டிஎல்எல் எப்பவோ வந்து உக்காந்திருக்கு, அதனால குறையே உங்க கண்ணுல படாது. இன்ஸ்டாலர்லயே விசி ரீடிஸ்ட்ரிபியூட்டபிள (அந்த டிஎல்எல் இருக்கற மைக்ரோசாஃப்ட் பேக்கேஜ்) சேத்துடுங்க, இல்ல ரன்டைம்ம ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ணுங்க. ரிலீஸுக்கு முன்னாடி ஒண்ணுமே இன்ஸ்டால் பண்ணாத மெஷின்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, விண்டோஸ் ப்ரோல சாண்ட்பாக்ஸ்னு இருக்கு, திறந்தா புத்தம் புது விண்டோஸ், மூடினா எல்லாம் போயிடும், இந்த வேலைக்கு அத விட வசதியானது இல்ல.

ரெண்டாவது, ஆமா, அதனாலதான் இருக்கும். செட்டிங்ஸ் ஃபோல்டர் பாத்ல யூசர் பேர் வரும், நீங்க சாதா ஏபிஐல அந்த பாதைய கொடுத்தா விண்டோஸ் அத பழைய கோடுபேஜ்ல (எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கற பட்டியல்) படிக்கும், தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா மாறி அப்படி ஒரு ஃபோல்டரே இல்லன்னு ஆயிடும். விண்டோஸ் 10 1903லேர்ந்து மேனிஃபெஸ்ட்ல ஆக்டிவ் கோடுபேஜ் யூடிஎஃப்-8னு ஒரு வரி சேத்தா போதும், அந்த ப்ரோக்ராமுக்கு மட்டும் எல்லாம் யூடிஎஃப்-8 ஆயிடும். நம்ம ஆளுங்க இந்த ஒரு வரிய கட்டாயம் போடணும்னு ஆசைப்படறேன், தன் பேர தன் மொழில வச்சதுக்காக ஒருத்தருக்கு சாஃப்ட்வேர் ஓடலன்னா அது ரொம்ப வருத்தமான விஷயம். டெஸ்ட் மெஷின்ல தமிழ் பேர்ல, நடுவுல ஸ்பேஸ் விட்டு, ஒரு யூசர் அக்கவுண்ட் நிரந்தரமா வச்சுக்குங்க.

கேள்வி: எங்க வீடியோ டூலோட எஃப்எஃப்எம்பெக்க (வீடியோவ மாத்தற ஓப்பன் சோர்ஸ் டூல்) சேத்தே கொடுக்கறோம். எங்க கோடு எம்ஐடி லைசன்ஸ். ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: எஃப்எஃப்எம்பெக் அடிப்படைல எல்ஜிபிஎல், ஆனா எக்ஸ்264 மாதிரி ஜிபிஎல் (அத விட கண்டிப்பான லைசன்ஸ்) பகுதிகளோட கட்டின பில்டுன்னா அந்த பைனரி முழுக்க ஜிபிஎல். எத எடுத்து சேத்திருக்கீங்கன்னு வெர்ஷன் கமாண்ட் ஓட்டி கான்ஃபிகரேஷன் வரிய பாருங்க, இனேபிள் ஜிபிஎல்னு இருக்கும். தனி ப்ரோக்ராமா கூப்பிடறீங்கன்னா பொதுவா உங்க கோடுக்கு எம்ஐடியே இருக்கலாம், ஆனா சேத்துக் கொடுக்கற அந்த பைனரிக்கு சரியா பொருந்தற சோர்ஸ நீங்க கிடைக்க வைக்கணும், லைசன்ஸ் ஃபைலையும் பேக்கேஜுக்குள்ள வைக்கணும். அவங்க சைட்டுக்கு ஒரு லிங்க் போட்டுட்டு விட்டுடாதீங்க, அந்த வெர்ஷனோட சோர்ஸ் டார்பாலோட ஒரு காப்பிய உங்க ரிலீஸ்லயே போட்டு வைங்க. எம்ஐடி, பிஎஸ்டி லைப்ரரிகளுக்கும் காப்பிரைட் நோட்டீஸ் கூட வரணும், இத நிறைய பேர் மறந்துடறாங்க.

கேள்வி: ஒத்த ஆளா ஒரு ப்ராஜெக்ட் பாத்துக்கறேன். பேக்கேஜ் வகைன்னு பாத்தா டெப் கேக்கறாங்க, ஆர்பிஎம் கேக்கறாங்க, ஃப்ளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ், விங்கெட், இப்ப ஒருத்தர் ஃப்ரீபிஎஸ்டி வேணும்ங்கறார். ரிலீஸ் போடறதே முழுநேர வேலையா ஆயிடுச்சு, விட்டுடலாமான்னு தோணுது.

பதில்: ப்ராஜெக்ட்ட விடாதீங்க, ஃபார்மட்ட விடுங்க. உங்களால டெஸ்ட் பண்ண முடியாத பேக்கேஜ உங்க பேர்ல கொடுக்காதீங்க, அது உடைஞ்சா திட்டு உங்களுக்கு, சரி பண்ண மெஷின் உங்ககிட்ட இல்ல. சுத்தமான சோர்ஸ் டார்பால், விண்டோஸுக்கு ஒரு இன்ஸ்டாலர், மேக்குக்கு ஒண்ணு, லினக்ஸுக்கு பொதுவா ஒண்ணு, இது போதும். லினக்ஸ்ல விண்டோ இருக்கற ஆப்னா ஃப்ளாட்பேக் எடுங்க, எந்த டிஸ்ட்ரோல இருந்தாலும் உள்ள இருக்கற லைப்ரரி ஒண்ணேதான், ஆனா சாண்ட்பாக்ஸ்ங்கறதால யூசரோட ஃபைல்கள போர்ட்டல் (அனுமதி வாங்கி திறக்கற வழி) வழியாதான் திறக்கணும், கோடுல அதுக்கு கொஞ்சம் வேலை இருக்கும். கமாண்ட் லைன் டூல்னா டார் ஃபைலே போதும். ஆப்இமேஜ் நல்ல யோசனைதான், உபுண்டு 22.04லேர்ந்து பழைய ஃபியூஸ் 2 லைப்ரரி கூட வராததால பழைய ஆப்இமேஜ் திறக்காம போச்சு, புது ரன்டைம்ல அந்த தேவை இல்ல, அதனால கட்டறதா இருந்தா புது ரன்டைம்ல கட்டுங்க.

டெபியன், ஃபெடோரா மாதிரி டிஸ்ட்ரோக்குள்ள போறது அவங்க மெயின்டெய்னர்கள் வேலை, அத அவங்க நல்லா பண்ணுவாங்க. நீங்க பண்ண வேண்டியது அவங்களுக்கு இடைஞ்சல் இல்லாம இருக்கறது: பில்டு நடுவுல இன்டர்நெட்லேர்ந்து எதையும் இழுக்காதீங்க, லைப்ரரிகள உள்ள அடைச்சு வச்சிருந்தாலும் சிஸ்டத்துல இருக்கறத யூஸ் பண்ண ஒரு ஆப்ஷன் கொடுங்க. 2014ல ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரில ஹார்ட்ப்ளீட்னு பாதுகாப்பு ஓட்டை வந்தப்ப டிஸ்ட்ரோ காரங்க அந்த லைப்ரரிய ஒரு தடவை மாத்தினாங்க, அத ஷேர் பண்ணிக்கிட்ட எல்லா ப்ரோக்ராமும் சரியாச்சு, உள்ள அடைச்சு வச்சவங்க மட்டும் ஒவ்வொருத்தரா புது ரிலீஸ் போட வேண்டியிருந்துச்சு.

ரஸ்ட் ப்ராஜெக்ட்ல ப்ளாட்ஃபார்ம்கள மூணு அடுக்கா பிரிச்சு எழுதி வச்சிருக்காங்க. முதல் அடுக்கு கட்டி டெஸ்டும் பண்றது, ரெண்டாவது கட்டாயம் பில்டு ஆகும்ங்கறது மட்டும், மூணாவதுக்கு கோடு இருக்கு, ஆனா உத்தரவாதம் இல்ல. நீங்களும் ரீட்மில அப்படி ஒரு பட்டியல் போடுங்க, ஸ்னாப்பயும் ஆர்பிஎம்மயும் நிறுத்தறதா இருந்தா ஒரு ரிலீஸ் முன்னாடியே சொல்லிட்டு நிறுத்துங்க. ஃப்ரீபிஎஸ்டி கேட்டவர்கிட்ட "போர்ட்ட நீங்களே பாத்துக்கறீங்களா, வர்ற பேட்ச்ச நான் ரிவ்யூ பண்றேன்"னு எழுதுங்க. வந்தார்னா உங்களுக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு, வரலன்னா மூணாவது அடுக்குல அவர் ப்ளாட்ஃபார்ம் பேர எழுதி வச்சுட்டு அடுத்த வேலைய கவனிங்க.